மொட்டைக் கடை பேருக்கு வந்த பில்கள்

என் வீட்டுக்காரருக்குத் தலை நிறைய முடி. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பதுளையில் எங்கள் கடைக்குப் பேர் மொட்டைக் கடை. சட்டைப் பையில் பேனா இல்லாமல் கடைக்கு வருவார், சீப்பு இல்லாமல் வரமாட்டார். ஆணி நிறுத்துக் கொடுத்த கையோடு கண்ணாடி முன்னால் நின்று வகிடு எடுப்பார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்கட்டில் உட்கார்ந்து தலைமுடிக்கு மை பூசிக்கொள்வார். அன்றைக்கு யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது, நான்கூட.

பேர் வந்தது என் மாமனாரால். அவர் கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டு வருஷா வருஷம் மொட்டை போட்டவர். நடுவில் முடி வளர்ந்தால் தலை அரிக்கிறது என்று சும்மாவும் வழித்துக்கொள்வாராம். நான் கல்யாணமாகி வரும்போது அவர் இல்லை. பேர் மட்டும் இருந்தது. போர்டில் எழுதியிருப்பது வேறு பேர். முருகன் பேரும் 'ஹாட்வெயார் ஸ்டோர்ஸ்' என்பதும் சேர்ந்து, கடை அகலத்துக்கு நீண்டு கிடக்கும். அந்தப் போர்டை என் வீட்டுக்காரர் திரும்பத் திரும்பப் பெயின்ட் அடித்து, எழுத்தைப் பெரிதாக்கி, ராத்திரியில் தெரிய விளக்கும் போட்டுப் பார்த்தார். ஒருவரும் படிக்கவில்லை. பஸ் கண்டக்டர் எங்கள் வாசலில் 'மொட்டைக் கடை இறங்குங்க' என்றுதான் கத்துவார்.

தமிழர்கள் மட்டும் கூப்பிட்டிருந்தால் ஓரளவு பொறுத்துக்கொண்டிருப்பார். சிங்களத்தில் கடைக்குக் 'கடே' என்பார்கள், அதில் தொந்தரவு இல்லை. ஆனால் 'மொட்ட' என்று ஒரு சொல் அங்கேயும் இருக்கிறது. கத்திக்குச் சொன்னால் கூர் மழுங்கியது. மனிதனுக்குச் சொன்னால் மூளை மழுங்கியவன். ஆக ஊரில் பாதிப் பேருக்கு எங்கள் கடை முடி இல்லாதவன் கடை, மீதிப் பேருக்கு மூளை இல்லாதவன் கடை. இரண்டும் இருக்கிற மனிதர் என்ன செய்வார்? மறுப்பார்.

அவர் மறுப்பதைப் பார்க்கவே தனியாக டிக்கட் போடலாம். பசறைப் பக்கத்திலிருந்து யாராவது பாவம் மழையில் நனைந்து வந்து நின்று, "ஐயா, மொட்டைக் கடை இதுதானுங்களா?" என்று கேட்பார்கள்.

"இல்ல."

"அப்ப எங்கிட்டு இருக்குங்க?"

"தெரியாது."

அந்த மனிதர் பஜாரைச் சுற்றிவிட்டு, நாலு பேரிடம் கேட்டு, திரும்ப எங்கள் வாசலுக்கே வருவார். நான் என் மேசையிலிருந்து, "இதுதாங்க, உள்ள வாங்க" என்று கூப்பிடுவேன். என் மேசை தெருவை ஒட்டி, வாசலுக்கு இடப்பக்கம் இருக்கிறது. காசு வாங்குவது, பில் போடுவது, போன் பேசுவது எல்லாம் அங்கேதான். கல்யாணமான மறு மாசத்திலிருந்து அது என் இடம். அவர் விரட்டுகிறவர்களை நான் பிடித்து உள்ளே இழுத்துப்போடுவேன். இப்படித்தான் எங்கள் வியாபாரம் நடந்தது, நன்றாகவே நடந்தது.

நன்றாக நடந்ததுதான் வினையாகப் போனது. வற் என்கிற மதிப்புக்கூட்டு வரிக்குப் பதிய வேண்டிய வரம்பைக் கீழே இறக்கினார்கள், எங்கள் வியாபாரம் மேலே ஏறியிருந்தது, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. எங்களுக்குக் கணக்குப் பார்க்கிற பெண்ணுக்குப் பசறை வீதியில் ஒரு மாடியில் ஆபீஸ். வயதில் என்னைவிடச் சின்னவள், வாயில் என்னைவிடப் பெரியவள். அவள்தான் வந்து எனக்குப் பாடம் எடுத்தாள்.

"அக்கா, நீங்க விக்கிறப்ப வாங்குற வரி ஒங்க காசில்ல. அரசாங்கத்து காசு. ஆனா நீங்க சாமான் வாங்குறப்ப ஏற்கனவே குடுத்த வரிய அதுல கழிச்சிக்கலாம். மிச்சத்த மட்டும் கட்டுனா போதும். கழிக்கணும்னா அத்தாட்சி வேணும்."

"குடுத்தது குடுத்ததுதானே. நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"நீங்க சொல்றத யாரும் கேக்க மாட்டாங்கக்கா. கடதாசி சொல்றதத்தான் கேப்பாங்க."

கடதாசி என்றால் ஏதோ ஒரு கடதாசி இல்லையாம். தலையில் டெக்ஸ் இன்வொய்ஸ் என்று அச்சாகியிருக்க வேண்டும். விற்றவர் பேரும் அவருடைய வற் நம்பரும், வாங்கிய எங்கள் பேரும் எங்கள் நம்பரும், திகதி, சாமான் விவரம், வரி எவ்வளவு என்று தனியாக, எல்லாம் இருக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகைபோல என்று நான் புரிந்துகொண்டேன். பெண் வீட்டுக்காரர் விலாசம் முதல் தாய்மாமன் பட்டம் வரை எல்லாம் இருந்து, மாப்பிள்ளை பேரை விட்டுவிட்டால் அந்தப் பத்திரிகையை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? நான் இப்படிச் சொன்னதும் அவள் சிரித்தாள். எங்களுக்கு நடக்கப்போவது அதேதான் என்று அவளுக்கும் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு எஸ்டேட்டில் தொழிலாளர் லயங்களுக்குக் கூரை மாற்றும் வேலை வந்தது. பழைய தகரம் எல்லாம் சல்லடையாகிவிட்டது, முழு டிவிசனுக்கும் புதுத் தகரம், முகட்டுத் தகடு, மழைத்தண்ணிப் பீலி, ஆணி எல்லாம் வேண்டும் என்று எங்களைக் கேட்டார்கள். அவ்வளவு பெரிய ஓடர் எங்கள் கடைக்கு அதுவரை வந்ததில்லை. கொழும்பில் நாங்கள் எப்போதும் வாங்குகிற மொத்த வியாபாரியிடம் நான்தான் போன் போட்டேன். அவர் மாமனார் காலத்திலிருந்து எங்களுக்குச் சாமான் அனுப்புகிறவர்.

"யாரு, மொட்டைக் கடையா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

லொறி லொறியாகத் தகரம் வந்தது. எஸ்டேட் ஆச்சரியமாக நேரத்துக்குக் காசு தந்தது, வரியோடு சேர்த்து. நாங்களும் அந்தக் காசை அப்படியே கொழும்புக்கு அனுப்பினோம், கொழும்புக்காரர் போட்ட வரியோடு சேர்த்து. பில் நம்பர்களை நான் போனில் படிக்கப் படிக்க அந்தப் பெண் கம்ப்யூட்டரில் போட்டாள், வரியைக் கழித்துக் கணக்கும் அனுப்பினாள். எல்லாம் சுபம் என்று நான் புதுப் பருப்புச் சட்டி ஒன்றுகூட வாங்கினேன்.

பிறகு வரி ஆபீஸிலிருந்து, பெரிய தொகையாக இருக்கிறதே, பில்களைக் கொண்டுவாருங்கள், பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கணக்குப் பார்க்கிற பெண் கடைக்கு வந்து பில்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். அவள் பேசாமல் இருந்தது எனக்குப் பயமாக இருந்தது, ஏனென்றால் அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

"அக்கா, இந்தத் தகரம் எல்லாம் யாரு வாங்குனது?"

"நாமதான்."

"பில்லுல நாம இல்லியே."

எடுத்துப் பார்த்தேன். வாங்கியவர் பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தில், கொட்டை கொட்டையாக, எல்லாப் பில்லிலும் 'மொட்ட கடே, பதுளை'. வற் நம்பர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. கொழும்புக்காரர் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியபோது, தன் மனசில் இருந்த பேரை அப்படியே அதில் ஏற்றிவிட்டிருக்கிறார்.

"மொட்டைக் கடுதாசி கேள்விப்பட்டிருக்கேன்" என்றாள் அவள். "மொட்டைப் பில்லு இப்பதான் பாக்கிறேன்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. சீப்பை எடுத்தார்.

ஆனாலும் அவள் தைரியம் சொன்னாள். தகரம் எங்களுக்குத்தான் வந்தது என்பதற்கு லொறிச் சீட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் என் வீட்டுக்காரர் போர்டுப் பேர் உள்ள ரப்பர் முத்திரையை ஒன்றுக்கு மூன்றாகக் குத்தியிருந்தார். அந்தப் பேர் எங்கே பதிந்தாலும் அவருக்கு ஒரு திருப்தி. காசு போனது எங்கள் வங்கிக் கணக்கிலிருந்துதான், அதற்கும் ஆதாரம் இருந்தது. எஸ்டேட்டின் ஓடரும் இருந்தது. பில்லை மட்டும் கொழும்புக்காரரிடம் திருத்தி வாங்க வேண்டும். "அண்ணன் ஆபீஸ்ல வந்து, இது எங்க கடைதான், ஊர்ல அப்படிக் கூப்புடுவாங்கன்னு ஒரு வார்த்த சொன்னா போதும். திருத்திக் கொண்டு வர தவணை தருவாங்க" என்றாள்.

ஒரு வார்த்தைதான். ஒரே ஒரு வார்த்தை.

வரி ஆபீஸில் எங்களுக்கு முன்னால் வெலிமடை உருளைக்கிழங்கு வியாபாரிகள், பின்னால் பண்டாரவளை மரக்கறிக்காரர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சிங்கள அம்மா, மரியாதையானவர், தமிழும் கொஞ்சம் பேசினார். என் வீட்டுக்காரரை உட்காரச் சொன்னார். பில்லை எடுத்தார், படித்தார். உதட்டை இறுக்கிக்கொண்டார். அவருக்குச் சிரிப்பு வருகிறது, அடக்குகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. என் வீட்டுக்காரருக்கும் தெரிந்தது.

"மே மொட்ட கடே கவுத?" என்று கேட்டார். இந்த மொட்டைக் கடை யார்?

பின்னால் பெஞ்சில் ஒரு மரக்கறிக்காரர் களுக்கென்று சிரித்தார்.

"அபி நெமெய்" என்றார் என் வீட்டுக்காரர். நாங்கள் இல்லை.

எத்தனை வருஷத்துப் பழக்கம்! பசறைக்காரர் கேட்டாலும் அதே பதில், பஸ்ஸில் கேட்டாலும் அதே பதில், அரசாங்கம் கேட்டாலும் அதே பதில். கணக்குப் பார்க்கிற பெண் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

அந்த அம்மா பேனாவை எடுத்தார். "அப்ப இந்தப் பில் உங்களோடது இல்ல?"

"பில் எங்களோடதுதான்."

"பில்லுல உள்ள பேர்?"

"அது எங்களோடது இல்ல."

"அப்ப யாரோடது?"

"ஊர்க்காரங்களோடது."

அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எனக்கு அந்த மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருந்தது. நான் வாய் திறந்து விளக்கப் பார்த்தேன். கடைக்குச் சொந்தக்காரர் அவர், அவரே இல்லை என்று சொன்ன பிறகு நான் ஆமாம் என்றால் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அந்த அம்மா கேட்டார். கேட்டதில் தப்பே இல்லை. பேரும் நம்பரும் சரியாக உள்ள பில்களையும், அந்தப் பேரும் இந்தப் பேரும் ஒரே கடைதான் என்பதற்கு ஒரு ஆதாரத்தையும் கொண்டுவரச் சொல்லித் தவணை தந்தார். கொண்டுவராவிட்டால் கழித்த வரியை ஏற்க முடியாது, முழுவதையும் கட்ட வேண்டிவரும் என்றும் சொன்னார். எஸ்டேட் தந்த வரிக்காசு எங்கள் கையில் இல்லை. அதுதான் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதே.

வெளியே வந்து த்ரீவீலில் ஏறும்வரை நான் பேசவில்லை. ஏறிய பிறகு நிறுத்தவில்லை. "நீ விடு, நான் கொழும்புக்குப் பேசி முடிச்சிக்கிறேன்" என்றார். விட்டேன். அவர் ஒரு காரியத்தை எடுத்தால் முடிப்பார், அந்த நம்பிக்கை எனக்கு எப்போதும் உண்டு.

சில நாள் கழித்து, பக்கத்துப் போன் கடைக்காரத் தம்பி அளவு நாடாவோடு வந்து என் மேசையைச் சுற்றி அளந்துகொண்டிருந்தார். வாசலிலிருந்து சுவர் வரை அளந்தார். பிறகு, கொஞ்சம் காலை எடுங்கக்கா என்று சொல்லி என் நாற்காலிக்கு அடியிலும் அளந்தார்.

"என்ன தம்பி இது?"

"அண்ணன் சொல்லலியா?" அவர் முகம் வெளுத்துவிட்டது. "முன்பக்கத்த எனக்கு வாடகைக்குத் தர்றேன்னாரு. அட்வான்ஸ்கூட பேசியாச்சு. நீங்க பைப்பு வெச்சிருக்க எடத்துக்கு உள்ளுக்கு மாறிப் போவீங்கன்னு..."

அட்வான்ஸை வாங்கி வரியைக் கட்டிவிடுவது என்று என் வீட்டுக்காரர் முடிவு செய்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். நான் அந்தத் தம்பியை அனுப்பிவிட்டு, நேரே கொழும்புக்குப் போன் போட்டேன். அங்கே கணக்கில் இருந்தவர் ரொம்பத் தன்மையாகப் பேசினார்.

"நாங்க போன கிழமையே ஐயாகிட்ட சொல்லிட்டமே அம்மா. எங்க கம்ப்யூட்டருக்கு மொட்ட கடே ஒரு ஆளு, ஒங்க போர்டு பேரு வேற ஆளு. ரெண்டும் ஒண்ணுதான்னு சமாதான நீதவான் முன்னால ஒரு சத்தியக் கடதாசி முடிச்சி அனுப்புங்க. அன்னைக்கே பழைய பில்ல ரத்துப் பண்ணி புதுசு தர்றோம்னோம். ஐயாதான் அதெல்லாம் தேவையில்லன்னு வெச்சிட்டாரு."

போனை வைத்தேன். கையெழுத்து ஒன்று போட்டால் தீர்கிற காரியத்துக்குக் கடையில் பாதியைக் கொடுக்கப் பார்த்திருக்கிறார். அந்தப் பேரை ஒருமுறை வாயால் சொல்வதைவிட, என்னைத் தூக்கி பைப்புகளுக்கு நடுவில் வைப்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

வாசல் கதவை ஒரு பக்கம் சாத்திவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"முடி இருக்க மனுசனுக்கு மொட்டைன்னு கையெழுத்துப் போட என்ன வந்துச்சு? போட்டா கொட்டிருமா?"

"ஒனக்குத் தெரியாது."

"சொன்னாத்தானே தெரியும்?"

அவர் ஒரு பெயின்ட் வாளியின் மேல் உட்கார்ந்தார். "பள்ளிக்கூடத்துல தமிழ்ப் பயலுக தலைய தட்டிட்டுப் போவானுக. மொட்டைன்னு. முடி இருக்கும், இருந்தும் தட்டுவானுக. கிரவுண்டுக்குப் போனா சிங்களப் பயலுக, மொட்டயாகே புத்தான்னு கூப்புடுவானுக. மடையன் மகன். எங்கப்பா வந்து கூப்புட்டுக்கிட்டுப் போறப்பவும் சொல்வானுக. அவரு சிரிச்சிக்கிட்டே வருவாரு, அவருக்கு அது வெளங்காது. அன்னைக்கே நெனச்சேன், அந்தப் பேர என் வாயால சொல்ல மாட்டேன்னு."

இத்தனை வருஷம் இந்த மனிதரின் சீப்பைக் கேலி செய்திருக்கிறேன். இதை ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கு மனசு இளகிவிட்டது. ஆனால் மனசு இளகினால் கோபம் போய்விடும் என்று எவர் சொன்னது? எனக்கு இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன.

"சரிங்க. ஒங்களுக்கு அந்தப் பேரு பிடிக்கல, ஞாயந்தான். எனக்கு என்ன பிடிக்கும்னு என்னைக்காச்சும் கேட்டீங்களா? நான் பண்டாரவளையிலேர்ந்து வந்தப்ப இந்த ஊர்ல எனக்கு ஒருத்தரையும் தெரியாது. ஒங்க சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்தாக்கூட கதவுக்குப் பின்னாலதான் நிப்பேன். அந்த மேசையில ஒக்காந்த பொறகுதான் எனக்கு மனுசங்க கெடச்சாங்க. எந்த எஸ்டேட்டுல யாரு வீட்டுல கல்யாணம், யாரு மகன் படிக்க கம்பஸ் போனான், யாருக்கு கெட்ட நேரம், எல்லாம் எனக்குத் தெரியும். தெருவுல போறவங்க எல்லாம் ஒரு பார்வ பாத்து, ஒரு சிரிப்பு சிரிச்சிட்டுப் போவாங்க. என்னைய உள்ளுக்குத் தூக்கி வெச்சா நான் மறுபடி கதவுக்குப் பின்னால போயிருவேன். எனக்கு அந்த எடம் வேணும். அவ்வளவுதான்."

இதைச் சொல்லிமுடிக்கும்போது என் குரல் எனக்கே பிடிக்காத மாதிரி ஆகிவிட்டது. அவர் எழுந்து போய் சாத்தியிருந்த கதவைத் திறந்துவிட்டார். வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார், துத்தநாகக் கம்பி வேண்டுமாம். நான் மேசைக்குப் போய் உட்கார்ந்து காசை வாங்கினேன்.

மறுநாள் காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, "வாறியா?" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

சமாதான நீதவான் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் இருப்பவர், எங்கள் ஆள்தான். விஷயத்தைக் கேட்டதும், "இதுக்கெல்லாம் எதுக்கு சத்தியக் கடதாசி? ஊருக்கே தெரியுமே, நீங்கதானே மொட்டைக் கடை" என்றார். என் வீட்டுக்காரர் வாசலைப் பார்த்துத் திரும்பினார். நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

சிங்களத்தில் தட்டச்சு செய்கிறவர் பாதியில் நிறுத்திவிட்டார். அவருக்கு ஒரு சந்தேகம். "இத எப்படி அடிக்கிறது? சத்தத்த அப்படியே போட்டா சிங்களத்துல மடையன் கடேன்னு ஆகுது. கருத்த போட்டா தட்டயா கடே, வழுக்கத் தலையன் கடே. எது வேணும்?"

மூன்று பேரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தோம். உலகத்தில் எந்த மனிதருக்கும் இப்படி ஒரு தெரிவு வந்திருக்காது. முடியா, மூளையா என்று அரசாங்க முத்திரையோடு கேட்கிறார்கள். அவருடைய கை தன்னையறியாமல் தலைக்குப் போனது, வகிட்டைத் தடவிக்கொண்டது. வழுக்கை என்று மட்டும் எழுதவிடமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

"பில்லுல என்ன இருக்கோ அதையே போடுங்க" என்றார். "அத்தாட்சி ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரணும்." அந்தப் பெண் எடுத்த பாடத்தை என்னைவிட அவர் நன்றாகக் கேட்டிருக்கிறார்.

அடித்து முடித்ததும் நீதவான் தமிழில் வாசித்துக் காட்டினார். இந்து சமயத்தவராகிய நான் பயபக்தியுடனும் நேர்மையாகவும் உண்மையாகவும் பிரகடனம் செய்து உறுதிப்படுத்துவது என்னவென்றால், மேற்படி வியாபாரம் பொதுமக்களால் 'மொட்ட கடே' என்று அழைக்கப்படுகிறது, மேற்படி மொட்ட கடேயும் எனது பதிவு செய்யப்பட்ட வியாபாரமும் ஒன்றே. 'மேற்படி' என்ற சொல் போட்டால் எதுவும் கௌரவமாகிவிடுகிறது. என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடி, யாரும் கேட்காமலே ரப்பர் முத்திரையைப் பையிலிருந்து எடுத்து அதன் பக்கத்தில் ஒன்று குத்தினார்.

கொழும்புக்காரர் சொன்ன சொல் காப்பாற்றினார். பழைய பில்களை ரத்துச் செய்து, எங்கள் போர்டுப் பேரும் வற் நம்பரும் போட்டுப் புதியவற்றை அனுப்பினார். கூடவே ஒரு போன். "கம்ப்யூட்டர்ல பேர மாத்தியாச்சும்மா. ஆனா லொறிக்காரங்களுக்கு மொட்டைக் கடைன்னுதான் சொல்லி அனுப்புவோம். புதுப் பேர சொன்னா சாமான் மொனராகலைக்குப் போயிரும்."

தவணை முடிவதற்குள் மறுபடி வரி ஆபீஸுக்குப் போனோம். அன்றைக்கும் பெஞ்ச் நிறைய ஆட்கள். கணக்குப் பார்க்கிற பெண் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கோத்து வைத்திருந்தாள். அந்த அம்மா புதுப் பில்களைப் பழைய பில்களோடு வைத்துப் பார்த்தார். லொறிச் சீட்டிலுள்ள தகரக் கணக்கைப் பில்லோடு பார்த்தார். வங்கிக் கடதாசியைப் பார்த்தார். சத்தியக் கடதாசியை இரண்டு முறை வாசித்தார், இந்த முறை உதட்டை இறுக்கவில்லை.

"எல்லாம் சரி" என்றார். "ஆனா ஒண்ணு. போன முறை நீங்களே இல்லன்னு சொன்னீங்க. அது இங்க எழுதியிருக்கு. இப்ப ஆமான்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. எது உண்மை? உங்க வாயால சொல்லுங்க, அதையும் எழுதி முடிச்சிடுறேன். மொட்ட கடே கவுத?"

பெஞ்ச் முழுவதும் காது கொடுத்துக் கேட்டது. கிழங்கு வியாபாரி ஒருவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். என் வீட்டுக்காரரின் கை சட்டைப் பையில் சீப்பைத் தேடியது. அந்தக் கிரவுண்டில் நின்ற பையனை நான் அந்த முகத்தில் பார்த்தேன். வேண்டாம், வாருங்கள் போய்விடலாம், பைப்பு இருக்கிற இடத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்ல என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. சத்தியமாக வந்துவிட்டது.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவைப் பார்த்துச் சிங்களத்தில், கடைசிப் பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"மொட்டை நான், மிஸ். கடை இவங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். போன முறை எழுதியிருந்த பதிலைக் கோடு போட்டு அடித்தார்.

"இப்படியே எழுதவா?" என்று என்னைக் கேட்டார்.

"அப்படியே எழுதுங்க மிஸ்" என்றேன்.